என் போனைத் திறந்த ஞாயிறும் உன் கல்யாணமும்

கண்ணா,

கல்யாணத்தன்று பெஹாலா மண்டபத்துக்கு வருவேனா மாட்டேனா என்று நீ என்னிடம் கேட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. நீ கேட்டபோது நான் ரசம் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு "பார்க்கலாம்" என்றேன். நீ "உன் இஷ்டம்மா, நீ எப்படிச் சொல்றியோ அப்படி" என்று சொல்லிவிட்டு சால்ட் லேக் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாய். பதிலை நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பாதி சொல்வதற்குள் நீ "சரிம்மா, விடும்மா" என்பாய், நானும் விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். இதை வேறு யார் படித்தாலும் எனக்குக் கூச்சமில்லை. பிள்ளைக்குக் கல்யாணம் செய்கிற அம்மாக்கள் என்னைப் போல் பலர் இருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். அவர்கள் வாயைத் திறக்காமல் பட்டுப் புடவையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருப்பார்கள்.

நீ கேள்வியோடு வருவதற்கு முதல் நாள், நீ கட்டிக்கொள்ளப்போகிற பியாலியின் அம்மா என்னைப் போனில் கூப்பிட்டிருந்தார். என்னை அக்கா முறையில் தீதி என்பார். "தீதி, எங்க வீட்டுல ஒரு வழக்கம் இருக்கு. பையனோட அம்மா கல்யாணத்தைக் கண்ணால பார்க்கக் கூடாதும்பாங்க. பெரியவங்க ஞாபகப்படுத்தச் சொன்னாங்க. நீங்க தமிழ்க்காரங்க, உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்ங்க." நான் இந்த வங்காள ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், எனக்கு இந்த வழக்கம் தெரியாததில்லை. நம் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், மகனைப் பூ வைத்த காரில் ஏற்றி அனுப்பிவிட்டு, அவன் அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டதை நான் படிக்கட்டில் நின்று பார்த்திருக்கிறேன். அன்று அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இப்போது என் முறை வந்ததும் வேடிக்கை போய்விட்டது. அம்மாவின் கண் பட்டுவிடுமாம். பியாலியின் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து தன் பெண்ணுக்கு நடப்பதை எல்லாம் பார்ப்பார், நான் லேக் மார்க்கெட்டில் நம் வீட்டில் விளக்கேற்றிவிட்டு டிவி பார்க்க வேண்டும். போனை வைத்தபோது எனக்கு வந்தது கோபம் என்று நினைத்தேன். அது வெறும் கோபம் இல்லை.

எனக்குப் பியாலி மேல் பொறாமை. நீ அவளைக் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்ன நாளில் தொடங்கியதல்ல இது. நீ சால்ட் லேக் செக்டர் ஐந்தில் வேலைக்குச் சேர்ந்து, புதிதாக வரும் போன்களை வாங்கித் திறந்து உள்ளே இருப்பது என்னென்ன, யார் செய்தது என்று ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு எழுதுவதுதான் என் தொழில் என்று சந்தோஷமாகச் சொல்ல ஆரம்பித்தாயே, அப்போதே தொடங்கிவிட்டது. சாப்பிடும்போதெல்லாம் உன்கூட வேலை செய்கிற பியாலி பேச்சுதான். பியாலி சொன்னா, பியாலி கண்டுபிடிச்சா, மேல இருக்கற எழுத்தையே அழிச்சு வெச்சிருந்தாங்க, அந்தச் சிப்பையும் பியாலி எதுன்னு சொல்லிட்டா. உன் அப்பா ஒருநாள் அலிப்பூர் ஆபீசிலிருந்து களைத்து வந்து, "இந்த வீட்ல பியாலி சொன்னதைத் தவிர வேற நியூஸ் ஏதாவது உண்டா?" என்று கேட்டார். நீ சிரித்தாய். நான் உனக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் என்று உனக்குப் புரியுமோ என்னவோ. நீ இரண்டாம் வகுப்பில் இருந்தபோது நம் ரேடியோ நின்றுபோனது. சாப்பாட்டு மேஜையில் பேப்பரை விரித்து நான் அதைத் திறந்தேன். நீ எதிரே முழங்காலை நாற்காலியில் ஊன்றி, "இது என்னம்மா, இது என்னம்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். கம்பிச் சுருளைக் காட்டிக் காயில் என்றேன், கண்டென்சர் என்றேன், காந்தம் என்று எடுத்து உன் கையில் கொடுத்தேன். அதற்குப் பிறகு இஸ்திரிப் பெட்டி, மிக்சி, சுவர்க் கடிகாரம். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்த நான் வங்கியில் நாள் முழுவதும் அடுத்தவர்களின் பாஸ்புக்கைப் பார்ப்பவள். ஏதாவது கெட்டுப்போன ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நான் படித்தது எனக்கே ஞாபகம் வரும். எம்.எஸ்ஸி.க்கு இடம் கிடைத்திருந்தது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அப்போது நீ வயிற்றில் இருந்தாய் என்பதையும் சொல்லியிருக்கிறேன். உன் அப்பாவிடம் என்ன செய்யலாம் என்று கேட்டேன், அவர் "உன் இஷ்டம்" என்றார் என்பதை மட்டும் சொன்னதில்லை. நான் படிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்ததா, இல்லையா? எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். ஆகவே என் பொறாமையில் ஒரு பாதி உன்னைக் கொண்டுபோகிறவள் மேல். மறு பாதி, திறந்து பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கிற ஒரு பெண் மேல். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து வைக்க என்னால் முடியவில்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. என் போனின் முதுகு தூக்கிக்கொண்டு நின்றது. "பேட்டரி உப்பியிருக்கு. இதைக் காதுல வெச்சுக்கிட்டா பேசற?" என்று நீ திட்டினாய். பியாலி புது பேட்டரியும் தன் கருவிப் பையுமாக வந்தாள். பேட்டரியை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதும். நான்தான், "வந்தது வந்தாச்சு, முழுசாத் திறந்து காட்டும்மா, உள்ள என்ன இருக்குன்னு பார்க்கறேன்" என்றேன். எனக்கு ஆசைதான். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், அவள் எங்காவது தடுமாறுகிறாளா என்று பார்க்கத்தான் கேட்டேன்.

அவள் தடுமாறவில்லை. முதலில் சிம் தட்டை உருவினாள். "பின்பக்கத்தைக் கழட்டச் சூடு வைக்கணும். இங்க பாதி வேலையை பேட்டரியே செஞ்சிடுச்சு, காக்கிமா" என்றபடி மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை ஓரத்தில் நுழைத்து ஒரு சுற்று ஓட்டினாள். (அவள் என்னிடம் வங்காளத்தில்தான் பேசுவாள், நான் நம் வீட்டுத் தமிழில் எழுதுகிறேன். சித்தி, சித்தப்பா என்று எங்களை அவள் கூப்பிடுகிற காக்கிமா, காக்குவை மட்டும் மாற்றவில்லை.) பேட்டரியின் இணைப்பை எல்லாவற்றுக்கும் முன்னால் பிடுங்கிவிட வேண்டும் என்றாள். உப்பிய பேட்டரியை ஒரு பழைய தகர டப்பாவில் போட்டு பால்கனியில் வைத்துவிட்டு வந்தாள். பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினாள். வெப்பத்தைப் பரப்புகிற கறுப்பு கிராஃபைட் தாள், ஆன்டெனாவுக்குப் போகிற தலைமுடி போன்ற வயர், சார்ஜர் சொருகும் இடத்தில் இருக்கிற சின்ன போர்டு, மேல் போர்டையும் கீழ் போர்டையும் சேர்க்கிற பட்டை நாடா. உன் அப்பா பேப்பருக்கு மேலாக எட்டிப்பார்த்து, "இதுல மூளை எதும்மா?" என்றார். "மூளையெல்லாம் இல்ல காக்கு" என்று உலோக மூடியை நெம்பி எடுத்தாள். "இது ப்ராசசர், இது மேலயே ஒட்டிக்கிட்டு ராம். பக்கத்துல இருக்கறதுலதான் உங்க போட்டோ எல்லாம். இந்தக் குட்டி, கரண்டைப் பங்கு போட்டுக் கொடுக்கறது."

மூலையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வெள்ளி வட்டம் இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "இது மோட்டார். உள்ள எடை ஒரு பக்கமா இருக்கும். அதனாலதான் போன் நடுங்குது." பியாலி நிமிர்ந்தாள். "நிறையப் பேர் இதைச் சின்ன பேட்டரின்னு நினைப்பாங்க. எப்படிச் சொன்னீங்க?" நான் பிசிக்ஸ் படித்தவள் என்று சொல்லிவிட்டு உன்னைப் பார்த்தேன். நீ பெருமையாகத்தான் இருந்தாய். ஆனால் அவளைப் பார்த்துக்கொண்டு பெருமைப்பட்டாய். "நான் சொன்னேன்ல" என்றாய் அவளிடம். அந்தச் சின்ன விஷயம் எனக்குள் எப்படி இறங்கியது என்று உனக்குச் சொன்னால் சிரிப்பாய்.

உனக்கு ஆபீசிலிருந்து கால் வந்தது, பால்கனிக்குப் போனாய். பியாலி கை கழுவ எழுந்தாள். போர்டைக் கழற்ற நான்கு திருகுகள் மிச்சம். நான் அவற்றைக் கழற்றி எவர்சில்வர் கிண்ணத்தின் மூடியில் ஒன்றாகப் போட்டேன். பியாலி ஒரு வெள்ளைத்தாளில் போனின் படத்தை வரைந்து, எந்தத் திருகு எங்கிருந்து வந்ததோ அங்கேயே அதை ஒட்டிவைத்திருந்ததை நான் பார்க்காமல் இல்லை. ஆனால் என் கை சமையலறையில் பழகிய கை. கடுகு கடுகோடு, சீரகம் சீரகத்தோடு. ஒரே மாதிரி இருப்பதை ஒன்றாகத்தான் வைக்கும். போர்டின் அடிப்பக்கத்தையும் காட்டி முடித்துத் திரும்பப் பூட்டும்போது அவள் மூடியைப் பார்த்தாள்.

"காக்கிமா, இதுல ஒண்ணு மட்டும் குட்டை. எந்தத் துளையிலேர்ந்து எடுத்தீங்க?"

"எல்லாம் ஒண்ணுதானே."

"பார்க்க ஒண்ணுதான். இருங்க, அளந்துடறேன்."

அவள் பையில் அளவுகோலைத் தேடுவதற்குள் நான் ஒன்றை எடுத்துத் துளையில் வைத்துத் திருக ஆரம்பித்துவிட்டேன். பாதியில் அது நின்றது. "ஜோர் கோரோ நா, காக்கிமா" என்றாள். அழுத்தாதீங்க என்று. மெதுவாகத்தான் சொன்னாள். என் வீடு, என் மேஜை, என் போன், இருபது வருஷமாக நான் உட்கார்ந்த நாற்காலி. நான் இன்னும் அரைச் சுற்றுத் திருகினேன்.

புது பேட்டரி போட்டும் போன் உயிர் பெறவில்லை. அவள் மறுபடி எல்லாவற்றையும் கழற்றிக் குட்டி மைக்ராஸ்கோப்பை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது நீ உள்ளே வந்தாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்கும் தெரியும். ஆனால் அது என் காதில் எப்படி விழுந்தது என்று உனக்குத் தெரியாது.

"என்னாச்சு?"

"குட்டைத் துளையில நீள ஸ்க்ரூ. போர்டுக்குள்ள இறங்கிடுச்சு. உள்ள லைன் அறுந்திருக்கு."

"நீ பார்த்துக்கிட்டு சும்மாவா இருந்த?"

"வேண்டாம்னு சொன்னேன்."

"சரி விடு பியாலி. அம்மாவுக்கு என்ன தெரியும்."

"தெரியும்" என்றாள் அவள். "ஸ்க்ரூ நின்னது அவங்க கைக்குத் தெரிஞ்சுது. அப்புறமும் திருகினாங்க. ஏன்னுதான் எனக்குத் தெரியல."

உன் அப்பா பேப்பரை மடித்து, "நான் காபி போடட்டுமா?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் காபி போட்டதில்லை, சர்க்கரை எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. நிலைமை எவ்வளவு மோசம் என்று அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே முடிவு செய்தேன், கல்யாணத்துக்குப் போவதில்லை என்று. நல்ல வசதியான முடிவு. அவர்கள் வழக்கத்தை நான் மதித்தேன் என்று எல்லோரும் புகழ்வார்கள், அவளுக்கு மட்டும் உறைக்கும். பழிவாங்குவதற்கு இவ்வளவு மரியாதையான வழி எனக்கு இதற்கு முன் கிடைத்ததில்லை. ஆனால் படுத்தபோது அவள் சொன்னது உறுத்தவில்லை. நீ சொன்னதுதான் உறுத்தியது. அவள் என் மேல் ஒரு குற்றத்தை வைத்தாள். குற்றம் செய்யத் தெரிந்தவளாக, கையும் புத்தியும் உள்ளவளாக என்னை நினைத்தாள். நீ என் மேல் அன்பு வைத்து, அந்தக் குற்றத்தைக்கூட எனக்கு இல்லை என்று ஆக்கிவிட்டாய். அம்மாவுக்கு என்ன தெரியும். உனக்குக் காயிலையும் காந்தத்தையும் கையில் எடுத்துக் கொடுத்த அம்மாவுக்கு.

புதன்கிழமை வங்கியிலிருந்து வரும் வழியில் லேக் மார்க்கெட்டில் காபிப்பொடி வாங்க நின்றேன். பின்னாலிருந்து "காக்கிமா" என்று குரல். பியாலி வீட்டுக்கு வந்திருக்கிறாள். கதவு பூட்டியிருந்ததால் இங்கே தேடி வந்தாளாம். ஒரு சின்ன உறையில் என் போனின் போர்டு.

"சரி பண்ணப் பார்த்தேன். மேல இருந்த லைன் சேர்ந்துடுச்சு, உள் அடுக்குல இருக்கறது சேரல. தூக்கிப் போடறதுக்கு முன்னாடி நீங்க பார்க்கணும்னு தோணுச்சு."

அவள் போனில் பெரிதாக்கி எடுத்த படத்தைக் காட்டினாள். பச்சை நிறத்தில் ஒரு வட்டக் குழி, அதன் சுவரில் அடுக்கடுக்காகச் செம்புக் கோடுகள், நடுவில் ஒன்று அறுந்து பின்னால் சுருண்டிருந்தது. நான் செய்தது என்றாலும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. இருவரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அன்னிக்கு ஏன் திருகினீங்க?" என்றாள்.

"ஹிங்ஷே" என்றேன். பொறாமை. காபி அரைக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் இரண்டாவது தடவை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. கடைக்காரர் நம் தமிழ்க்காரர், வங்காளமும் நன்றாகத் தெரிந்தவர். பொட்டலம் கட்டுவதில் ரொம்பக் கவனமாக இருப்பது போல் பாவனை செய்தார்.

"அப்படின்னா சரி" என்றாள் பியாலி. "கை நடுங்கிடுச்சுன்னு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். எனக்கும் உங்க மேல உண்டு. எந்தப் போனைத் திறந்தாலும் உங்க பிள்ளை 'எங்க அம்மா ரேடியோவைத் திறந்தப்போ'ன்னுதான் ஆரம்பிப்பான். ஆபீஸ் பூரா அந்த ரேடியோ கதை தெரியும். நான் ஒரு புது விஷயம் கண்டுபிடிச்சாலும் அந்த ரேடியோ வந்து முன்னாடி நிக்கும்."

வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதைக் கேட்டு எனக்குக் காபி குடித்த மாதிரி இருந்தது. அவளும் அதைப் பார்த்துவிட்டாள். "ரொம்பச் சந்தோஷப்படாதீங்க. கல்யாணத்துக்கு வருவீங்களா, மாட்டீங்களா?"

"உங்க அம்மாதான் வழக்கம்னு சொன்னாங்களே."

"அவங்க சொன்னது வழக்கம். நான் கேக்கறது வேற. வீட்ல உட்கார்ந்து என்னை நினைச்சுப் பொருமறதுக்குப் பதிலா, வந்து எதிர்ல உட்கார்ந்து பொருமுங்க. யார் பார்க்கறாங்கன்னு எனக்கும் தெரியணும். எங்க கல்யாணத்துல பொண்ணு கண்ணை மறைச்சுப் பிடிக்கற வெத்தலையை எடுத்ததும் முதல்ல அவனைத்தான் பார்ப்பேன், அதை மாத்த முடியாது. அடுத்தது உங்களைப் பார்க்கறேன்."

"ரெண்டாவதா?"

"ரெண்டாவதுதான்."

பேரம் பேசத் தெரிந்த பெண். கரியாஹாட்டில் புடவைக் கடைக்காரர்களிடம் நான் பேசுவதைவிட நன்றாகப் பேசுகிறாள். அதிலும் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

கண்ணா, அம்மா என்கிற முறையில் உனக்கு ஏதாவது புத்தி சொல்ல வேண்டுமே. சொல்கிறேன். எங்கள் இருவருக்கும் சண்டை வரும். அன்றைக்குப் பார்த்தது முதல் தவணை. அப்போது நடுவில் புகுந்து, என்னிடம் "அவ சின்னப் பொண்ணும்மா" என்றும் அவளிடம் "அம்மாவுக்கு என்ன தெரியும்" என்றும் சொல்லிச் சமாதானம் செய்யாதே. எனக்கு எல்லாம் தெரியும், அவளுக்கும் எல்லாம் தெரியும். தெரிந்துதான் செய்வோம். நீ பால்கனிக்குப் போய் நின்றுகொள், அது போதும். இன்னொன்று. "உன் இஷ்டம்" என்று சொல்வதை விடு. அதை நீ உன் அப்பாவிடமும் என்னிடமும்தான் கற்றுக்கொண்டாய். இந்த வீட்டில் எல்லோரும் அதைப் பெருந்தன்மை என்று நினைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கேட்கிறவளுக்கு அது ஆளில்லாத வீட்டில் கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கும். உனக்கு நான் வர வேண்டும் என்று ஆசை என்றால், "நீ வரணும்மா" என்று சொல்லியிருக்கலாம். வர வேண்டாம் என்றால் அதையும் சொல்லியிருக்கலாம். பியாலி ஒருநாள் உன்னிடம் வந்து, வெளியூரில் வேலை வந்திருக்கிறது, போகட்டுமா என்று கேட்பாள். அப்போது உன் மனதில் இருப்பதைச் சொல். அவள் கேட்பாளோ மாட்டாளோ, அது அவள் பாடு.

இன்று காலை வங்கிக்குக் கிளம்புவதற்கு முன் உன் அப்பாவின் போனிலிருந்து பியாலியின் அம்மாவைக் கூப்பிட்டேன். நான் வருகிறேன், முழுக் கல்யாணத்தையும் உட்கார்ந்து பார்க்கப்போகிறேன், பெரியவர்கள் வருத்தப்பட்டால் நானே வந்து பேசுகிறேன் என்றேன். பதில் சொல்லத் தயாராக வைத்திருந்த வாக்கியங்கள் நிறைய இருந்தன.

அவற்றுக்கு வேலை வரவில்லை. அவர் கேட்டார். "நிஜமாவே பார்ப்பீங்களா, தீதி?"

"ஏன், நீங்க பார்க்கப் போறதில்லையா?"

"நான் எப்படி? எங்க வீட்டுல பொண்ணோட அம்மாவும் பார்க்கக் கூடாது. என் கல்யாணத்தை எங்க அம்மா பார்க்கல. பக்கத்து ரூம்ல உட்கார்ந்து சங்கு ஊதற சத்தத்தை வெச்சு இப்ப மாலை மாத்தறாங்க, இப்ப குங்குமம்னு நினைச்சுக்கிட்டாங்களாம். நானும் அப்படித்தான்னு இருந்தேன்."

இத்தனை நாளும் நான் மனதில் முன்வரிசையில் உட்கார்த்தி வைத்துப் பொருமிக்கொண்டிருந்த அம்மாள் அவர்தான். அந்த வரிசையில் யாருமே இல்லை. அவரே சொன்னார், குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "நீங்க உட்கார்ந்தா, நானும் வந்து உங்க பக்கத்துல உட்காரட்டுமா? பையனோட அம்மாவே உட்கார்ந்திருக்காங்கன்னு சொன்னா, என்னை யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

உட்காருங்கள் என்றேன்.

ஆகவே இதுதான் என் பதில். வருகிறேன். என் முகம் அன்று போட்டோவில் நன்றாக இருக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். நீ பெஹாலாவில் மண்டபத்துக்காரரிடம் சொல்லி, மேடைக்கு எதிரே, தூண் மறைக்காத இடத்தில் இரண்டு நாற்காலி போடச் சொல். ஒன்று அவருக்கு. இரண்டில் ஏதாவது ஒன்று கொஞ்சம் முன்னால் தள்ளியிருந்தால், அது என்னுடையது.

அம்மா